மதுரையில் கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. போனஸ் காசில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்று இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதிலும் ஸ்டார்ஃபீல்ட் என்ற விண்வெளி கேமை விளையாடுவதற்காகவே வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 61,500 ரூபாய் கொடுத்து நான் பட்ட பாடு இது.

2018 ஜூனில் அந்தக் கேமின் முதல் டீசர் வந்தது. ஒரு நிமிஷ வீடியோ, ஒரு கிரகம், ஒரு விண்கலம், பெயர், அவ்வளவுதான். அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். 2022 நவம்பர் 11 வெளியீடு என்றார்கள், தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 2023 செப்டம்பர் 6 என்று முடிவானது. ஐந்து வருஷம் காத்திருந்த கேம் என்பதால், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாதாமாதம் ஒதுக்கிய பணத்தை எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் கடைசியில் மதுரைக்குப் போனேன். எனக்குத் திருமங்கலம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும் தூரத்தில் இருக்கிற ஒரு கடை. பெயரை இப்போது போடவில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கடையில் இருந்த பையன் நன்றாகத்தான் பேசினான். "ஸ்டார்ஃபீல்ட் ஓடுமா?" என்று கேட்டேன். "ஸ்டார்ஃபீல்ட் என்னண்ணே, இனிமே வரப்போற கேம் எல்லாம் அல்ட்ராவுல ஓடும்ணே" என்றான். வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினான். ஐ5 12400எஃப் பிராசசர், 16 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்). இந்தக் கேமுக்கு எஸ்எஸ்டி கட்டாயம், 125 ஜிபி இடம் வேண்டும், குறைந்தபட்சம் ஆர்எக்ஸ் 5700 அல்லது ஜிடிஎக்ஸ் 1070 டிஐ கார்டு வேண்டும் என்று கேமைத் தயாரித்த பெதஸ்டா நிறுவனமே போட்டிருந்ததை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். கொட்டேஷன் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பரிந்துரைக்கும் கார்டு என்று அவர்கள் சொல்வது ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி, அது எங்கேயோ இருக்கிற விலை. ஆக, அந்தக் கொட்டேஷனிலும் "அல்ட்ரா", அதாவது படத்தின் தரத்தை உச்சத்தில் வைத்து ஓட்டுவது, பொய்தான். ஆனால் விளையாட முடியும், எனக்கு அது போதும்.

பணம் கட்டும்போது, "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும்ணே, எஸ்டிமேட் தரேன், வாரண்டிக்கு நான் இருக்கேன்" என்றான். 61,500ஐ எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

கேம் முதல் நாளிலிருந்தே மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் என்ற சந்தா சேவையில் இருந்ததால் தனியாக வாங்கவில்லை, மாதச் சந்தா மட்டும்தான். எங்கள் வீட்டு 40 எம்பிபிஎஸ் லைனில் ராத்திரி போட்ட டவுன்லோடு விடிந்த பிறகுதான் முடிந்தது. சி டிரைவில் இடம் பற்றவில்லை என்றது, டி டிரைவில் போட்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கேம் வெக்டேரா என்ற நிலவில், ஒரு சுரங்கத்தில் தொடங்குகிறது. லிஃப்ட்டில் கீழே இறங்கி, கட்டர் வைத்துத் தாதுவை வெட்டி, ஓர் உலோகத் துண்டைத் தொடுகிறோம். மேலே வந்தால் பாரட் என்ற ஆள் தன் விண்கலத்தையும் வாஸ்கோ என்ற ரோபோவையும் நம்மிடம் கொடுத்து அனுப்புகிறார். கதை நடப்பது 2330இல். இதை எல்லாம் அனுபவித்திருக்க வேண்டும். என் கம்ப்யூட்டரில் நடந்தது வேறு. பாரட்டின் வாய் அசைந்து முடிந்து இரண்டு விநாடி கழித்துக் குரல் வந்தது. சண்டையில் துப்பாக்கியைத் திருப்பினால் படம் ஒருமுறை உறைந்து, அப்புறம் எதிரி வேறு இடத்தில் நின்றான். விண்கலத்துக்குள் நுழைய லோடிங் திரை, செல்போனில் நேரம் பார்த்தேன், 43 விநாடி. ஆல்ஃபா சென்டாரியில் நியூ அட்லாண்டிஸ் என்று ஒரு பெரிய நகரம் வரும். நான் பார்த்தபோது அங்கே கட்டடங்கள் எல்லாம் களிமண் பூசியது போலத் தெரிந்தன. ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால்தான் சுவருக்கு நிறம் வரும். எல்லா செட்டிங்கையும் லோவில் வைத்தும் 22, 23 எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு அத்தனை படம்தான்.

நான் செய்த தப்பு இங்கேதான் இருக்கிறது. கேம்தான் மோசம் என்று நினைத்தேன். எங்கள் நண்பர்கள் குழுவில், "ஐந்து வருஷம் காத்திருந்தது வீண், யாரும் வாங்காதீங்க" என்று பெரிய பதிவாகவே போட்டேன். அதை நம்பி இரண்டு பேர் வாங்காமல் விட்டார்கள். கடைக்காரன் போட்ட கார்டைப் பற்றி நான் எழுதிய விமர்சனம் அது, கேமைப் பற்றியது இல்லை. அந்த இரண்டு பேரிடமும் இப்போது சொல்லிவிட்டேன்.

விஷயம் வெளியே வந்தது அத்தை மகனால். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் ஐந்து நிமிஷம் விளையாடினான். "மாப்ள, இது எஸ்எஸ்டியே இல்ல" என்றான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைக் காட்டினான். டிஸ்க் 0க்குப் பக்கத்தில் எஸ்எஸ்டி என்றிருந்தது, அளவு 128 ஜிபி. டிஸ்க் 1க்குப் பக்கத்தில் ஹெச்டிடி, அதாவது ஹார்ட் டிஸ்க், 1 டிபி. விண்டோஸ் மட்டும் எஸ்எஸ்டியில் இருந்ததால் கம்ப்யூட்டர் சட்டென்று ஆன் ஆகும், கடையில் காட்டும்போது வேகமாகத் தெரியும். கேம் ஓடியதோ ஹார்ட் டிஸ்க்கில். இந்தக் கேம் நாம் நடக்க நடக்க டிஸ்க்கிலிருந்து சுவரையும் முகத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் கொடுக்கும் வேகம் போதவில்லை என்றால் குரல் பின்தங்கும், படம் உறையும். நான் பார்த்தது அதைத்தான்.

அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டான். அந்த ஹார்ட் டிஸ்க் அதுவரை ஓடியிருந்தது 31,000 மணி நேரத்துக்கு மேல். நிறுத்தாமல் ஓட்டினால் மூன்றரை வருஷம். கேபினெட்டைத் திறந்து பார்த்தால், சிசிடிவி ரெக்கார்டரில் போடுகிற வகை டிஸ்க், லேபிளில் தயாரித்த வருஷம் 2016. எங்கேயோ ஒரு கடை வாசலை வருஷக்கணக்கில் பதிவு செய்த டிஸ்க்கைப் புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கார்டைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பின்பக்க ஸ்க்ரூக்களின் வாய் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. விசிறிக்குப் பின்னால் அலுமினியத் தகடுகளுக்கு இடையே தூசி பிசினாக ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு இசட் என்ற மென்பொருளில் பார்த்தால் ஆர்எக்ஸ் 580, ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள்) எண்ணிக்கை 2048. உண்மையான ஆர்எக்ஸ் 580க்கு 2304 இருக்க வேண்டும். 2048 உள்ளது சீனச் சந்தைக்காக 2018இல் விட்ட வகை, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டை ஓட்டிக் காசு 'தோண்டும்' (மைனிங்) முறையையே விட்டுவிட்டதால், இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. கழுவி, பேஸ்ட் மாற்றி, புது டப்பாவில் போட்டு விற்கிறார்கள். என்னிடம் வந்ததும் அப்படி ஓடிய கார்டாகத்தான் இருக்கும் என்றான் அத்தை மகன். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் கம்பெனி பெயரே இல்லை.

மறுநாளே லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனேன். பையன் இல்லை, முதலாளி இருந்தார். வாட்ஸ்அப் கொட்டேஷனைக் காட்டினேன். அவர் என் துண்டுச் சீட்டை வாங்கி விரலால் தொட்டுக் காட்டினார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி. 1 டிபி + எஸ்எஸ்டி."

"8 ஜிபின்னுதான தம்பி போட்டிருக்கு? 8 ஜிபி இருக்குல்ல?" என்றார். இருக்கிறதுதான். ஆர்எக்ஸ் 6600க்கும் 8 ஜிபி, அந்தப் பழைய கார்டுக்கும் 8 ஜிபி. அப்புறம் அந்தக் கூட்டல் குறி. கொட்டேஷனில் "1 டிபி எஸ்எஸ்டி" என்று இருந்தது, சீட்டில் நடுவே ஒரு சின்னக் கோடு மேல் ஒரு சின்னக் கோடு. பணம் கட்டும்போது அது என் கண்ணில் படவே இல்லை. ஆள் தெரியாமல் செய்த பிழை இல்லை இது, யோசித்து எழுதிய சீட்டு.

இரண்டு முறை அலைந்தேன். இரண்டாவது முறை கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால், "கேம் விளையாடுற பசங்க இப்படித்தான் நோண்டிக் கெடுத்துட்டு வந்து நிப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அங்கே பேசவில்லை. 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். கொட்டேஷன், சீட்டு, டாஸ்க் மேனேஜர் படம், கார்டின் படம் எல்லாவற்றையும் சேர்த்தேன். எங்கள் சித்தப்பா வக்கீல். அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் உங்களுக்கும் உதவும். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருளுக்கு பில் தராததே முறையற்ற வணிகம். வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம். "பில் இல்லையே, நாம எங்க போய் கேக்க முடியும்" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

புகார் எண்ணைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எட்டாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள். சீல் உடையாத டப்பாவில் ஆர்எக்ஸ் 6600 கொடுத்தார்கள், அங்கேயே நின்று மாட்டச் சொல்லி ஜிபியு இசட்டில் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். எஸ்எஸ்டி தர மாட்டேன் என்றுவிட்டார்கள். வேறு கடையில் 4,200 கொடுத்து, ஜிஎஸ்டி பில்லோடு 1 டிபி வாங்கிப் போட்டேன். முதல் கடையின் பில் இன்னும் வரவில்லை, புகார் திறந்துதான் இருக்கிறது. அது முடியும் வரை பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்பது சித்தப்பாவின் கண்டிப்பான பேச்சு. அதனால்தான் இங்கே பெயர் இல்லை.

கடைக்குப் போனால் இதைச் செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் கம்ப்யூட்டரை ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் இரண்டு டிஸ்க்கையும் கார்டின் பெயரையும் நீங்களே பாருங்கள். பென் டிரைவில் ஜிபியு இசட்டைக் கொண்டு போங்கள், சின்ன ஃபைல்தான். 6600 என்றால் ஷேடர் 1792 காட்ட வேண்டும். பில்லில் 8 ஜிபி என்று மட்டும் எழுத விடாதீர்கள், மாடல் பெயரும் சீரியல் எண்ணும் வேண்டும். அந்த 18 சதவீதம் மிச்சம் என்று நினைத்தால், வாரண்டி என்று போய் நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

இப்போது கேம் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமாகச் சொல்கிறேன். விண்கலத்துக்குள் நுழைய 43 விநாடி ஆனது இப்போது 4 விநாடி. நியூ அட்லாண்டிஸில் மீடியம் செட்டிங்கில் 40 எஃப்பிஎஸ்ஸை ஒட்டி ஓடுகிறது. குரல் வாயோடு வருகிறது. கேமின் சொந்தக் குறைகளும் இப்போதுதான் தெளிவாகத் தெரிகின்றன. லோடிங் திரைகள் நிறைய. விண்வெளியிலிருந்து நாமே ஓட்டிக்கொண்டு போய்க் கிரகத்தில் இறங்க முடியாது. ஆயிரம் கிரகத்துக்கு மேல் என்றார்கள், பலவற்றில் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. 2023இல் கேம் வந்தபோது ஏறிப் போக வண்டியும் இல்லை, நகரத்துக்குள் வழி பார்க்க உருப்படியான மேப்பும் இல்லை. ஆனால் விண்கலத்தை நாமே துண்டு துண்டாகக் கட்டும் இடத்தில் நான் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். போன வாரம் பூமிக்குப் போனேன். இந்தக் கதையில் பூமி காற்றை இழந்து மணலாகிவிட்டது. உருண்டையைத் திருப்பி, மதுரை இருக்க வேண்டிய இடத்தைக் குத்துமதிப்பாகத் தேடி இறங்கினேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல்தான், யானைமலை இருக்க வேண்டிய திசையிலும் மணல். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். செப்டம்பரில் அந்தக் களிமண் சுவர்களோடு இந்தக் கேமை விட்டிருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேலூரிலிருந்து ஒரு தம்பி கொட்டேஷனும் சீட்டும் அனுப்பி, "சரியா இருக்காண்ணே?" என்று கேட்டிருக்கிறான். கடை வேறு. சீட்டில் "8 ஜிபி கார்டு, 1 டிபி + எஸ்எஸ்டி" என்று இருக்கிறது. முன்பணம் மட்டும்தான் கட்டியிருக்கிறானாம். மீதியைக் கட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். நாளை சாயங்காலம் பென் டிரைவோடு நானும் அவனோடு போகிறேன்.