ஆடிக் காற்றின் மின்சாரம்: வடக்கே போகட்டுமா, இலங்கைக்குப் போகட்டுமா?

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில்தான் ராதாபுரம், பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலைகள் ராவும் பகலும் சுற்றும். மே கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் வரை ஓடும். சிக்கலும் அப்போதுதான். அனல்மின் நிலையங்களை ஓர் அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. கூடங்குளத்தின் இரண்டு 1000 மெகாவாட் உலைகள் சீராக ஓடியாக வேண்டும். கம்பியில் இடம் இல்லாவிட்டால் நிறுத்தச் சொல்வது காற்றாலையைத்தான். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரம் அப்படியே வீணாகிறது.

அதைக் காப்பாற்றப் பேசப்படும் வழிகள் மூன்று: வடக்கே அனுப்புவது, கடல் தாண்டி இலங்கைக்கு அனுப்புவது, இங்கேயே சேமிப்பது.

சேமிப்பைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பேட்டரி பகல் மின்சாரத்தை மாலைக்குக் கொண்டுபோகும். ஆடியிலிருந்து பங்குனிக்குக் கொண்டுபோகாது. வாரக்கணக்கில் காற்று ஓயாதபோது பேட்டரி நிரம்பியபடியே நிற்கும். தண்ணீரை மேலேற்றிச் சேமிக்கும் கடம்பாறை நிலையம் 400 மெகாவாட்தான். சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் மில்காரர்கள் ‘பேங்கிங்’ முறையில் காற்று மின்சாரத்தை மின்வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுப்பது கணக்கில் மட்டும் நடக்கிற சேமிப்பு. அவர்கள் திருப்பிக் கேட்கும்போது வாரியம் வேறெங்கிருந்தாவது மின்சாரம் கொண்டுவந்தாக வேண்டும்.

வடக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னகக் கட்டம் (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை) நாட்டின் கட்டத்தோடு ஒன்றானது. அப்புறம் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6000 மெகாவாட் நேர்மின் (DC) பாதை வந்தது. நிலக்கரி மின்சாரத்தை இங்கே கொண்டுவரப் போட்டதுதான், ஆனால் காற்று மிகும் நாளில் எதிர்த்திசையிலும் அனுப்பலாம். ஒரே நாடு, ஒரே சந்தை, ரூபாயில் கணக்கு. குறை இரண்டு. ராதாபுரத்திலிருந்து புகளூர் வரை போக மாநிலத்துக்குள் கம்பி போதுமானதாக இருக்க வேண்டும். இன்னொன்று, குஜராத்திலும் காற்றுக்கு இதே பருவம்தான். எல்லாரும் விற்க வரும் நேரத்தில் நல்ல விலை கிடைக்காது.

இனி கடல் வழி. மதுரை–அனுராதபுரம் இணைப்புக்கான ஆய்வு ஒப்பந்தம் 2010-இல் போடப்பட்டது. முதலில் 500, பிறகு 1000 மெகாவாட் என்பது யோசனை. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் மறுபடி புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான்.

இந்த இணைப்பு நேர்மின்னா மாறுமின்னா (AC) என்று கேட்டால், தயங்காமல் நேர்மின் என்பேன். ஒரு பக்கத்துத் தடுமாற்றத்தை அது மறுபக்கம் பரவ விடாது. 2012 ஜூலையில் வட இந்தியா முழுக்க இருண்டபோது தெற்கு தப்பியது, அன்று நேர்மின் வழியாக மட்டும் இணைந்திருந்ததால்தான். 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. அவ்வளவு சிறிய கட்டத்தின் அதிர்ச்சி இங்கே வரக் கூடாது. நம் தொல்லை அங்கே போகவும் கூடாது.

ஆனால் ‘மிச்சத்தை இலங்கைக்கு விற்போம்’ என்று எளிதாகச் சொல்வதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மன்னாரின் 103.5 மெகாவாட் தம்பபவனிக் காற்றாலைகளைச் சுற்றுவதும் இதே தென்மேற்குக் காற்றுதான். நமக்கு மிஞ்சும்போது அங்கேயும் காற்று இருக்கும். அப்படியானால் அந்தக் கம்பி எதற்கு? மலையகத்து அணைகளுக்காக. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் முக்கியமாக மின்சாரத்துக்கானவை. ஆடியில் நம் காற்று மின்சாரத்தை வாங்கிக்கொண்டால் அங்கே தண்ணீரை நிறுத்தி வைக்கலாம், அணை நிரம்பி வழியும் நாட்கள் நீங்கலாக. வறண்ட மாதங்களில் டீசல் எரிப்பது அதனால் குறையும். நம் ஊரில் காற்று தொடங்காத ஏப்ரல் வெயிலில், மாலை உச்ச நேரத்துக்கு அங்கிருந்து கொஞ்சம் திருப்பியும் வாங்கலாம். மகாவலி அணைகளில் இது அவ்வளவு எளிதல்ல. அங்கே வயலுக்குப் போகிற தண்ணீருக்கே முன்னுரிமை. கார், பிசான நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணை எப்போது திறக்கும் என்று பார்த்திருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நேபாளத்தோடு ஏற்கெனவே நடக்கிறது. மழைக்காலத்தில் அவர்கள் விற்கிறார்கள், குளிர்காலத்தில் வாங்குகிறார்கள். வங்கதேசத்தோடு 2013-இல் பேராமாராவில் 500 மெகாவாட்டில் தொடங்கி 2018-இல் 1000 ஆக்கினார்கள். படிப்படியாகப் போவதே சரி. இலங்கையின் உச்சத் தேவையில் 500 மெகாவாட் என்பதே பெரும் பங்கு. அது திடீரென்று அறுந்தால் தாங்குவதற்கான ஏற்பாடு முதலில் வேண்டும். கடலடிக் கேபிள், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை விட்டு விலகிப் போகவேண்டும். இழுவலை படாத ஆழத்தில் புதைப்பதையும் பாம்பன், ராமேசுவரம் மீனவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

என் வரிசை இது: முதலில் திருநெல்வேலியிலிருந்து வடக்கே போகும் மாநிலக் கம்பிகளைப் பலப்படுத்த வேண்டும். வடக்கே அனுப்பவும் அதுதான் வழி, மதுரைக்குக் கொண்டுபோகவும் அதுதான் வழி. அடுத்து இலங்கைக்கு 500 மெகாவாட். அந்த ஒப்பந்தம் ஒருவழி விற்பனையாக இல்லாமல், ஆடிக்கு ஒரு விலை, ஏப்ரல் மாலைக்கு ஒரு விலை என்று இரு திசைக்கும் எழுதப்பட வேண்டும்.