ஆன்லைன் ஆய்வில் கலந்துகொண்டால் பணம் என்றார்கள், என் 4,380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போனது

போன சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கும் எட்டரை மணிக்கும் நடுவில் என் பேங்க் கணக்கிலிருந்து 4,380 வெள்ளி போய்விட்டது. யாரும் என் போனைத் திருடவில்லை, யாரும் பாஸ்வேர்டு கேட்கவில்லை. நானே, என் விரலால் மூன்று தடவை அழுத்தி அனுப்பினேன். நேற்றுதான் போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். பினாங்கில் பிறை, பட்டர்வொர்த், பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம்ம பெண்கள் நிறைய பேர் இந்த மாதிரி 'ஆய்வில் கலந்துகொண்டு சம்பாதிக்கலாம்' குழுக்களில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும், என்னைச் சேர்த்துவிட்டதே என் லைனில் வேலை பார்க்கும் ஒரு தோழிதான். அதனால் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அடிப்படைச் சம்பளம் சட்டப்படியான 1,700 வெள்ளிதான். ஓ.டி. இருந்தால் சமாளித்துவிடலாம், நாலு மாதமாக ஓ.டி. இல்லை. வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஜொகூர் பக்கம் இருப்பார். மகன் இந்த வருடம் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதுகிறான். அவனுக்கு லேப்டாப், அப்புறம் காலேஜ் முன்பணம் என்று நினைத்து இந்த மாதம் கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) 5,000 வெள்ளி எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பணத்திலிருந்துதான் 4,380 வெள்ளி போனது.

அந்தக் குழுவில் காட்டியது எப்படிப்பட்ட தளம் என்றால், கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் ஆன்லைனில் ஆய்வு நடத்துகின்றன, நீங்கள் கேள்விக்குப் பதில் சொன்னாலோ ஒரு செயலியைப் பயன்படுத்திப் பார்த்துக் கருத்து சொன்னாலோ காசு கிடைக்கும் என்று சொல்கிற தளம். நான் ஒன்றும் தெரியாமல் போய் விழவில்லை. நாலைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நீரிழிவும் சாப்பாட்டுப் பழக்கமும் பற்றிய ஆய்வுக்கு எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தார்கள், கலந்துகொண்டேன். முதலில் ஒரு விளக்கத்தாள் கொடுத்தார்கள், அதில் நெறிமுறைக் குழு (ஆய்வு மனிதருக்குத் தீங்கில்லாமல் நடக்கிறதா என்று பார்க்கும் குழு) ஒப்புதல் எண் இருந்தது, ஆய்வாளரின் ஆபீஸ் போன் நம்பர் இருந்தது, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன், முக்கால் மணி நேரம் பேசினேன், 30 வெள்ளி வவுச்சர் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஆய்வு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தத் திருடர்கள் அதே மாதிரி விளக்கத்தாளைத் தமிழில் அனுப்பினார்கள். அதே மாதிரி ஒரு ஒப்புதல் எண், அதே 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்'. மேலே கொட்டை எழுத்தில் 'மனிதருக்கு மதிப்பு, நன்மை, நீதி'. அதைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

முதல் சுற்று, ஒரு புதிய கட்டணச் செயலியைச் சோதிக்கும் ஆய்வு என்றார்கள். அவர்கள் கொடுக்கும் 'சோதனைக் கடைக்கு' நம் பணத்திலிருந்து 45 வெள்ளி அனுப்ப வேண்டும், ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், இருபது கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அனுப்பினேன். அரை மணி நேரத்தில் 57 வெள்ளி திரும்ப வந்தது. இரண்டாவது சுற்று 180 வெள்ளி, அன்று ராத்திரியே 210 வெள்ளி வந்தது. ஆக எனக்குக் கிடைத்தது 42 வெள்ளி. அந்த 42 வெள்ளியைக் காட்டித்தான் என்னிடமிருந்து 4,380 வெள்ளியை எடுத்தார்கள்.

மூன்றாவது சுற்றுக்கு முன்னால் 'ஆய்வு ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு பெண் வீடியோ காலில் வந்தாள். தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், பின்னால் ஆபீஸ் மாதிரி தெரிந்தது, கழுத்தில் அடையாள அட்டை. "அக்கா சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டாள். மகன் எந்தப் படிவத்தில் (வகுப்பில்) படிக்கிறான் என்று கேட்டாள், தன் தம்பியும் இந்த வருடம் எஸ்.பி.எம். என்றாள். நான் அவளை வாய் நிறைய 'தங்கச்சி' என்று கூப்பிட்டேன், இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது. இந்தச் சுற்றில் மூன்று கட்டணம் தொடர்ச்சியாகச் செய்ய வேண்டும், நடுவில் நிறுத்தினால் தரவு முழுமையாகாது, முழுமையாகாத தரவுக்குப் பணம் திரும்பத் தர விதி இல்லை என்று சொன்னாள். எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே சொல்லவில்லை. முதலில் 1,200. போட்டதும் 1,480. அதையும் போட்டதும் 1,700. இரண்டாவதிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஆனால் நிறுத்தினால் முதலில் போட்ட 1,200 வெள்ளியும் போய்விடுமே என்ற பயத்தில்தான் அடுத்ததைப் போட்டேன்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். டுயிட்நவ்வில் (பேங்க் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் வசதி) பணம் அனுப்பும்போது கடைசி பட்டனை அழுத்துவதற்கு முன்னால் வாங்குபவரின் பெயர் வரும் அல்லவா? எந்தக் கம்பெனிப் பெயரும் வரவில்லை, தனி ஆள் பெயர், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர். கேட்டேன். "ஆய்வு உதவியாளர்கள் அக்கா, சோதனைக்காக அவங்க கணக்கைப் பயன்படுத்துறோம், பயப்படாதீங்கலா" என்றாள். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டணத்துக்குப் பிறகும் நிரப்பிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, பணம் அனுப்பும்போது எவ்வளவு நம்பிக்கையாக உணர்ந்தீர்கள், 1 முதல் 5 வரை. மூன்று தடவையும் 5 போட்டேன்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. சனி ராத்திரி, 'தரவு சரிபார்ப்பில் உள்ளது'. ஞாயிறு, நிதிப் பிரிவுக்கு லீவு. திங்கள் காலை ஷிப்டுக்கு நடுவில் டாய்லெட்டில் நின்று மெசேஜ் போடுகிறேன், 'உங்கள் பதிலில் முரண்பாடு உள்ளது, மறுபரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறோம்' என்று பதில். மத்தியானம், ஐ.சி.யின் (அடையாள அட்டையின்) இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினால் வேகமாக முடியும் என்றார்கள். அதையும் அனுப்பித் தொலைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை வந்தது கடைசி மெசேஜ்: வெளிநாட்டு ஆய்வு நிதி என்பதால் 15 விழுக்காடு வரி, 657 வெள்ளி கட்டினால் மொத்தப் பணமும் ஒரு மணி நேரத்தில் விடுவிக்கப்படும். அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. 'தங்கச்சி'க்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

பேங்க் ஹாட்லைனில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். ஒரு பையன் வந்து, நீங்களே அனுமதி கொடுத்து அனுப்பிய பணம் மேடம், நாங்கள் புகாரைப் பதிந்துகொள்கிறோம் என்றான். அடுத்து 997. அது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, போலீஸ், பேங்க் நெகாரா (நாட்டின் மத்திய வங்கி) எல்லாம் சேர்ந்து பணம் போன வழியைத் துரத்திக் கணக்கை முடக்கப் பார்க்கும் இடம். எடுத்த அம்மா பொறுமையாகக் கேட்டார், திட்டவில்லை. எப்போது அனுப்பினீர்கள் என்றார். சனிக்கிழமை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பணம் முதல் கணக்கில் சில நிமிடம்தான் இருக்கும், அங்கிருந்து அடுத்தது, அடுத்தது என்று போய்விடும், அனுப்பிய உடனே கூப்பிட்டால்தான் பிடிக்க வாய்ப்பு என்றார். நான் மூன்று நாளை அவர்களுடைய 'சரிபார்ப்பில் உள்ளது' என்ற மெசேஜை நம்பியே கழித்துவிட்டேன். அந்த இழுத்தடிப்பு எதற்கு என்று இப்போது புரிகிறது.

போலீஸ் நிலையத்தில் தண்டனைச் சட்டம் 420 பிரிவில் ஏமாற்று என்று பதிந்துகொண்டு நகல் கொடுத்தார்கள். கணக்கை வாடகைக்கு விடுகிறவர்களை மலாய் மொழியில் 'கெல்டாய்' (கழுதை) என்பார்களே, அந்த மாதிரிக் கணக்குகளாக இருக்கும் என்றார் அதிகாரி. போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்று என் தம்பி கோபப்பட்டான். இப்போது போட்டுப் பார்த்தேன், மூன்றில் இரண்டு எண்ணுக்கு ஒரு புகாரும் இல்லை. யாராவது புகார் செய்திருந்தால்தான் அதில் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதை வைத்து நல்ல கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

கோலாலம்பூரில் உளவியல் படிக்கும் என் அண்ணன் மகளிடம் அந்த விளக்கத்தாளை அனுப்பினேன். அழுதுகொண்டேதான் பேசினேன். "அத்தை, அந்த மதிப்பு, நன்மை, நீதி மூணும் 1979இல் அமெரிக்காவில் வந்த பெல்மண்ட் அறிக்கையில் இருக்கிறது, முதல் வருஷமே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாங்க, யார் வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம்" என்றாள். அந்த ஒப்புதல் எண்ணை அதில் போட்டிருந்த பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஆபீசுக்கே போன் செய்து கேட்டாள். எங்கள் எண் இந்த வடிவத்திலேயே வராது என்றார்களாம். இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை. உண்மையான ஆய்வில் கலந்துகொள்பவரிடமிருந்து ஒரு சென் கூட வாங்க மாட்டார்கள், நம் நேரத்துக்கு அவர்கள்தான் ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள், அதுவும் பெரும்பாலும் சின்னத் தொகைதான் என்றாள். விலகலாம் என்றால் உண்மையிலேயே விலகலாம், விலகினால் பணம் போகும் என்று சொன்னாலே அது ஆய்வு கிடையாது என்றும் சொன்னாள்.

வேறு என்னென்னவோ விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை, கம்பெனி பஸ் வருகிற நேரம். ஆய்வு என்று சொல்லி உங்கள் பணத்தை முதலில் போடச் சொன்னால் போடாதீர்கள், 10 வெள்ளி என்றாலும் வேண்டாம். ஐ.சி. படம் அனுப்பாதீர்கள். என் ஐ.சி. இப்போது அவர்கள் கையில், அதை வைத்து யார் பெயரில் என்ன வாங்குவார்கள் என்று பயந்து பேங்க் நெகாராவில் என் கடன் பதிவைப் பார்க்கப் போகிறேன். ஒப்புதல் எண் இருந்தால் தாளில் உள்ள நம்பருக்குக் கூப்பிடாமல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பொது நம்பரைத் தேடிப் போட்டுக் கேளுங்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 997.

வீட்டுக்காரரிடம் நேற்று ராத்திரிதான் போனில் சொன்னேன். 4,380 வெள்ளியா என்று ஒரு தடவை கேட்டார், அப்புறம் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். கூட்டுக்கு இன்னும் ஆறு மாதம் 500 வெள்ளி வீதம் கட்ட வேண்டும்.

என்னைச் சேர்த்த குழுவில் தமிழ்ப் பெயரில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் எத்தனை பேர் அவர்களுடைய ஆட்கள், எத்தனை பேர் என்னை மாதிரி என்று தெரியவில்லை, என் தோழி நல்லவேளையாக இரண்டாவது சுற்றோடு நின்றிருக்கிறாள். ஒருவர் வெள்ளிக்கிழமை ராத்திரி, மூன்றாவது சுற்றுக்குத் தாலிச் சங்கிலியை அடகு வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தார். அந்த அக்கா இதைப் படித்தால் தயவுசெய்து அடகுக் கடைக்குப் போகாதீர்கள்.