ரிஜிஸ்டரா, எக்செல்லா, கிளவுடா, சொந்த சர்வரா: தொண்டு நிறுவனம் மக்களின் தகவலை எங்கே வைப்பது?

ஒரு தொண்டு நிறுவனத்திடம் இரண்டு பெயர்ப் பட்டியல்கள் இருக்கும். ஒன்று கொடுப்பவர்களுடையது: பெயர், செல்போன் எண், முகவரி, எப்போது எவ்வளவு கொடுத்தார், ரசீதுக்கான வரி எண். இன்னொன்று பெறுபவர்களுடையது: யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் அடி விழுகிறது, எந்தக் குழந்தைக்குப் பெற்றோர் இல்லை, யார் கடனில் மாட்டியிருக்கிறார். முதல் பட்டியல் வெளியே போனால் மோசடி அழைப்புகள் வரும், சிலருக்குப் பணமும் போகும். இரண்டாவது வெளியே போனால் ஒருவருடைய வேலை போகலாம், திருமணம் நின்றுபோகலாம், சில நேரம் உயிருக்கே ஆபத்து.

ஆனால் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கூடிப் பேசும்போது எல்லோர் மனதிலும் இருப்பது முதல் பட்டியல்தான். விற்க வருபவர்களும் அதை வைத்துத்தான் டெமோ காட்டுகிறார்கள். நான் நான்கு வழிகளையும் இரண்டு பட்டியல்களுக்கும் சேர்த்தே எடைபோடுகிறேன். எனக்குச் சாய்வு உண்டு, அது பெறுபவர் பக்கம். கொடுப்பவர் விருப்பப்பட்டுத் தகவல் தருகிறார். பெறுபவர் வேறு வழியில்லாமல் தருகிறார்.

ரிஜிஸ்டரும் பூட்டிய பீரோவும்

காகிதத்தை இன்று யாரும் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது என் கட்சி. ஆலோசனை மையத்திலோ காப்பகத்திலோ ஒருவர் மனம்விட்டுச் சொன்னவை பூட்டிய பீரோவில் இருப்பது, சில சமயம் எந்த மென்பொருளையும் விடப் பத்திரம். திருட வேண்டுமென்றால் ஆள் நேரில் வர வேண்டும். ஆயிரம் பேருடைய கதையை ஒரே நொடியில் நகலெடுத்துக்கொண்டு போக முடியாது.

ஆனால் பீரோவிலிருந்து கோப்பை யார் எடுத்துப் படித்தார் என்பதற்குத் தடயம் இருக்காது. வாசலில் திறந்து கிடக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வருபவர், தனக்கு மேலே உள்ள பெயர்களையும் வந்த காரணங்களையும் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். போனால் போனதுதான் என்பது அடுத்த சிக்கல். ஸ்காட்லாந்தில் பர்த்லிங்க் என்றொரு தொண்டு நிறுவனம். தத்துக் கொடுக்கப்பட்டவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் தேடிச் சேர்த்துவைப்பது அதன் வேலை. அலமாரியில் இடம் போதவில்லை என்று 2021-இல் பழைய கோப்புகளை அழித்துவிட்டது. ஏறத்தாழ 4,800 ஆவணங்கள். பெற்றவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களும் புகைப்படங்களும் வைக்கப்படும் வகைக் கோப்புகள் அவை. பத்தில் ஒரு பங்கு வரை இனி எங்கும் கிடைக்காதவையாக இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025-இல் 18,000 பவுண்டு அபராதம் விதித்தது. அங்கே எந்தத் திருடனும் வரவில்லை. எதை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று எழுதிவைக்காததால் வந்த இழப்பு அது.

எக்செல், கூகுள் ஷீட், கூடவே வாட்ஸ்அப்

சிறிய நிறுவனங்களில் மிகப் பல இங்கேதான் இருக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஒரு ஃபைல். அதன் பெயர் ‘பயனாளிகள் புதியது ஃபைனல் 2’. முதல் வரிசையில் பெயர், வயது, முகவரி, செல்போன் எண், அடையாள அட்டை எண் என்று தலைப்புகள். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு தலைப்பு. வினையெல்லாம் அதற்குக் கீழேதான். ‘கணவர் அடிக்கிறார், பகலில் மட்டும் கூப்பிடவும்’ என்று ஒரு தன்னார்வலர் அங்கே எழுதியிருப்பார். அக்கறையோடுதான் எழுதினார், அழைக்கப் போகும் அடுத்தவருக்கு அது தெரிந்தாக வேண்டும். உதவிப் பொருள் கொடுக்கும் நாளன்று பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று அதே ஃபைல் அப்படியே வாட்ஸ்அப் குழுவில் விழும். குழுவில் எத்தனை பேரோ அத்தனை போன்களிலும் இறங்கும்.

‘வாட்ஸ்அப்பில் என்கிரிப்ஷன், அதாவது குறியாக்கம், இருக்கிறதே’ என்று பதில் வரும். இருக்கிறது. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்த போனில் அது வெறும் ஃபைல். குழுவை விட்டு ஒருவர் விலகினாலும் அவர் போனில் இறங்கியது அவரிடமே இருக்கும். போனைப் பழுதுபார்க்கக் கொடுப்பார், விற்பார், வீட்டில் யாராவது வாங்கிப் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணின் கணவருக்குத் தெரிந்தவர் ஒருவர் அந்தக் குழுவிலேயே இருக்கவும் கூடும்.

எக்செல்லில் அந்தக் குறிப்புகளை ‘ஹைட்’ செய்துவிட்டு அனுப்பினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஹைட் என்பது கண்ணுக்கு மறைப்பது. வலது கிளிக்கில் திரும்ப வந்துவிடும். ஷீட்டை ‘ப்ரொடெக்ட்’ செய்வதும் யாரும் தவறி மாற்றிவிடாமல் இருக்கத்தான். ஃபைலைத் திறப்பதற்கே பாஸ்வேர்டு போட்டால் மட்டும்தான் உள்ளே இருப்பது குறியாக்கம் ஆகும். அந்தப் பாஸ்வேர்டையும் அதே குழுவில் போட்டால் வேலை வீண்.

கூகுள் ஷீட் இதைவிட ஒரு படி மேல். பிரதி ஒன்றே ஒன்று, அனுமதியைக் கொடுக்கலாம், திரும்ப எடுக்கலாம், யார் என்ன மாற்றினார் என்றும் தெரியும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ‘லிங்க் உள்ள எவரும்’ என்று பகிர்ந்திருந்தால் அது பூட்டாத கதவு. இன்னொன்று, அந்த ஷீட் யாருடைய கணக்கில் இருக்கிறது? ஆர்வத்தோடு தொடங்கிய தன்னார்வலரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், பட்டியலின் உரிமையாளர் அவர்தான். அவர் விலகிப் போகும்போது ஆயிரம் பேருடைய விவரமும் கூடவே போகும். அழித்த வரிகளும் பழைய பதிப்புகளில் உட்கார்ந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் மின்னஞ்சலும் இந்த வகைப் பழக்கம்தான். எச்ஐவி ஸ்காட்லாந்து என்ற நிறுவனத்திலிருந்து 2020 பிப்ரவரியில் 105 பேருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்தது. 65 முகவரிகளில் ஆளின் பெயரே இருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து ஒருவர் பெயர் வந்தால் படிப்பவர் என்ன ஊகிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு 10,000 பவுண்டு அபராதம். என் மனதை உறுத்துவது வேறு: இந்த ஆபத்து அவர்களுக்கு முன்பே தெரியும். பாதுகாப்பாக அனுப்பும் மென்பொருளை வாங்கி ஏழு மாதம் ஆகியும் பழைய முறையிலேயே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சந்தா கட்டும் கிளவுட் மென்பொருள்

தகவல் மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், நாம் இணையம் வழியாக அதைப் பயன்படுத்துவோம். நன்கொடையாளர் பட்டியலுக்கு இதுதான் பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கணக்கெழுதுபவர் தொகையை மட்டும் பார்க்கலாம், நன்றிக் கடிதம் அனுப்புபவர் முகவரியை மட்டும் பார்க்கலாம் என்று ஆளுக்கேற்ப அனுமதி பிரிக்க முடியும். யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்ற பதிவு, உள்ளே நுழைய இரண்டடுக்குச் சரிபார்ப்பு, தானாக நடக்கும் பேக்கப், ‘இனி எனக்கு அனுப்பாதீர்கள்’ என்றவருக்குத் திரும்ப அனுப்பாமல் தடுப்பது எல்லாம் கிடைக்கும். நல்ல எண்ணம் உள்ள நான்கு பேர் எக்செல்லில் உட்கார்ந்து இத்தனையும் செய்ய முடியாது.

விலை என்னவென்றால், வேலி உடைந்தால் எல்லோருடைய வயலும் ஒன்றாகப் போகும். தொண்டு நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மென்பொருள் தரும் பிளாக்பாட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குள் 2020 பிப்ரவரியில் ஹேக்கர்கள் புகுந்தார்கள்; அது மே மாதம்தான் தெரியவந்தது. 13,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் அமைப்புகள் பாதிக்கப்பட்டன. எடுத்ததை அழித்துவிடுகிறோம் என்ற ஹேக்கர்களின் பேச்சை நம்பி பிளாக்பாட் 24 பிட்காயின் கொடுத்தது. வங்கிக் கணக்கு எண்கள் போகவில்லை என்று முதலில் அறிவித்து, போனது என்று பிறகு ஒப்புக்கொண்டது. 2023-இல் அமெரிக்காவின் 49 மாநிலங்களோடும் தலைநகரோடும் 4.95 கோடி டாலருக்கு சமரசம் ஆனது.

இந்த வழக்கில் தொண்டு நிறுவனங்கள் படிக்க வேண்டிய பக்கம் வேறொன்று. விலகிப்போன பழைய வாடிக்கையாளர்களின் தகவலையும் அந்த நிறுவனம் தேவையைத் தாண்டிப் பல ஆண்டுகள் வைத்திருந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் குற்றம் சாட்டியது. சந்தாவை நிறுத்தியதும் உறவு முடிந்தது என்று நினைத்தவர்களின் நன்கொடையாளர் பட்டியலும் உள்ளேயே இருந்திருக்கிறது. வங்கி எண் போன்றவற்றைக் குறியாக்கம் இல்லாத இடங்களில் வாடிக்கையாளர்கள் ஏற்றி வைக்கவும் அந்த மென்பொருள் இடம் கொடுத்திருந்தது. எக்செல்லில் பார்த்த ‘குறிப்பு’ தலைப்பு மாதா மாதம் சந்தா கட்டும் இடத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது.

பொறுப்பும் கைமாறாது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் ஆனாலும், இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆனாலும், தகவலை மக்களிடம் வாங்கிய அமைப்புதான் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ஆபத்தான கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குச் சொல்லியாக வேண்டும். மென்பொருள் நிறுவனம் இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் என்ன செய்வது என்று ஒப்பந்தம் போடும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இந்த மென்பொருள்கள் காட்டும் ஆசை ஒன்றும் உண்டு: யாரிடம் எவ்வளவு கறக்கலாம் என்று நன்கொடையாளர்களைத் தரம் பிரிப்பது. தங்கள் ஆதரவாளர்களின் வசதியை அவர்களுக்கே தெரியாமல் அலசியதற்காக 2016 டிசம்பரில் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான ஆர்எஸ்பிசிஏ 25,000 பவுண்டும் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் 18,000 பவுண்டும் அபராதம் வாங்கின. அடுத்த ஆண்டு இன்னும் 11 தொண்டு நிறுவனங்கள் வாங்கின. அன்போடு கொடுத்தவரை வேவு பார்ப்பது எந்த நல்ல காரியத்துக்காகவும் சரியாகாது.

சொந்த சர்வரில் ஓப்பன் சோர்ஸ்

ஓப்பன் சோர்ஸ் என்றால் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள். அதில் சிவிசிஆர்எம் தொண்டு நிறுவனங்களுக்கென்றே உருவானது. 2005-இலிருந்து இருப்பது, உரிமக் கட்டணம் இல்லை, தகவல் உங்கள் கட்டுப்பாட்டில். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்டேட் வந்த நாளில் உட்கார்ந்து போட ஓர் ஆள் வேண்டும். பணமும் ஆட்களும் உள்ள சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கமே இதில் அடிபட்டது. 2022 ஜனவரியில் தெரியவந்த ஊடுருவலில் 5,15,000-க்கும் அதிகமானோரின் தகவல் சிக்கியது. போரிலும் இடப்பெயர்விலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், காவலில் இருப்பவர்கள். உள்ளே விட்ட ஓட்டைக்கு அப்டேட் வெளியாகியிருந்தது, உரிய நேரத்தில் போடப்படவில்லை. முந்தைய நவம்பரிலிருந்து ஊடுருவியவர்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள்.

பிரிட்டனின் கர்ப்பகால ஆலோசனை அமைப்பு ஒன்றின் இணையதளம், திரும்ப அழைக்கச் சொல்லிக் கேட்ட பெண்களின் விவரங்களைச் சேமித்துக்கொண்டே இருந்தது; அது அந்த அமைப்புக்கே தெரியாது. 2012-இல் ஹேக் செய்தவன் பெயர்களை வெளியிடுவதாக மிரட்டினான். 2014-இல் விதிக்கப்பட்ட அபராதம் 2,00,000 பவுண்டு. கணினி தெரிந்த நண்பர் ஒருவர் இலவசமாகச் செய்துதருகிறார் என்பதற்காக இந்த வழிக்குப் போக வேண்டாம். அவர் வெளியூர் போய்விட்டால் சர்வரைப் பார்க்க ஆள் இருக்காது.

ஒருவர் வந்து ‘என் விவரத்தை அழித்துவிடுங்கள்’ என்றால்

நான்கையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. தனித்தாளாக இருந்தால் கிழித்துவிடலாம். தைத்த ரிஜிஸ்டர் என்றால் அதே பக்கத்தில் மற்றவர் பெயர்கள் இருக்கும், படிக்க முடியாதபடி அடிக்க வேண்டும். கிளவுடில் ஒரு கிளிக். பேக்கப்பில் எத்தனை நாள் தங்கும் என்று விற்றவரிடம் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். சொந்த சர்வரில் பேக்கப்பையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும் எத்தனை பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. ‘அழித்துவிட்டோம்’ என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

என் தேர்வு

நன்கொடையாளர்களுக்கு கிளவுட். அதில் சந்தா முடிந்தபின் எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். பயனாளிகளை அதே மென்பொருளில் ஏற்றக் கூடாது. ‘இதிலேயே இன்னொரு டேப் திறந்துகொள்ளலாமே’ என்பார்கள், வேண்டாம்.

பயனாளிகளுக்கு நான் சொல்வது பிரித்துவைப்பது. ஒருவருக்கு ஓர் எண். அந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஓரிடத்தில், இருவருக்கு மட்டும் திறக்கும்படி. அவருடைய கதை வேறிடத்தில், எண்ணை மட்டும் தலைப்பாக வைத்து. பொருள் கொடுக்கப் போகும் தன்னார்வலரின் கையில் எண்ணும் முதல் பெயரும் வர வேண்டிய நேரமும் இருந்தால் வேலை நடக்கும். சிறிய காப்பகம் என்றால் கதைகள் காகிதத்திலேயே பீரோவில் இருக்கட்டும், பட்டியல் மட்டும் பாஸ்வேர்டு போட்ட ஃபைலில். நடுத்தர நிறுவனம் என்றால் இரண்டும் நிறுவனத்தின் சொந்தக் கணக்கில், தனித்தனி அனுமதியோடு. சர்வர் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அப்டேட் போடுவதற்கு என்றே சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறாரா?

இப்போதைக்கு எதையும் மாற்ற முடியாத நிறுவனங்களும் விண்ணப்பப் படிவத்தை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கலாம். சாதி, மதம், அடையாள அட்டை எண், குடும்பத்தில் எல்லோருடைய பிறந்த தேதி எல்லாம் பழக்கத்தில் கேட்கப்படுகின்றன. ஆள் இவர்தானா என்று உறுதிசெய்யத்தான் அட்டை என்றால், சட்டமோ நிதி தருபவரின் விதியோ நகல் கேட்காத இடத்தில் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ‘பார்த்தேன்’ என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டால் போதும். ஏற்கெனவே ஜெராக்ஸ் எடுத்து அடுக்கியிருப்பவற்றுக்கு ஒரு நாள் குறித்து, இரண்டு பேர் உடனிருந்து, எந்தெந்த எண்ணுக்கு உரியவை என்று எழுதிக்கொண்டு கிழிக்கலாம்.