17 அங்குல மடிக்கணினி: சில ஆண்டுகள் பழகிய பிறகு

பெரிய திரையும் தனி கிராபிக்ஸ் சிப்பும் கொண்ட மடிக்கணினி வைத்திருப்பவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது, "இதை எப்படித் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் எடை சீக்கிரமே பழகிவிடுகிறது. பழகாதவை வேறு சில இருக்கின்றன. 17.3 அங்குலத் திரை கொண்ட ஒன்றைப் பல ஆண்டுகளாகக் காணொளித் தொகுப்புக்கும் புத்தகப் பக்க வடிவமைப்புக்கும் பயன்படுத்திவருகிறேன். திரையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வேகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அதற்குக் கடையில் கொடுத்த பணம் போதாது என்று, சூடாகவும் சத்தமாகவும் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் திரை. 15.6 அங்குலத்துக்கும் 17.3-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் அற்பமாகத் தெரியும். மூலைவிட்டத்தில் கூடுவது 1.7 அங்குலம்தான், பரப்பளவில் அது சுமார் 23 சதவீதம். காணொளித் தொகுப்பில் மேலே படமும் கீழே காட்சித் துண்டுகளை அடுக்கும் காலவரிசையும் ஒன்றையொன்று நெருக்காமல் இருக்க இந்த இடம் வேண்டும். பக்க வடிவமைப்பில் பயன் இன்னும் கூடுதல். எதிரெதிர் பக்கங்கள் இரண்டையும் ஒருசேரத் திறந்து வைத்து, பெரிதாக்காமலே படிக்க முடிகிறது. தமிழில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்: சிறிய திரையில் முதலில் கண்ணுக்குத் தப்புவது புள்ளிதான். ஒற்று மிகுந்திருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் வேலை எனக்கு ஏறக்குறைய நின்றே போனது.

ஆனால் அளவு மட்டும் போதாது. இந்த அளவுத் திரையில் 1920×1080 என்றால் அங்குலத்துக்கு சுமார் 127 படப்புள்ளிகள் (பிக்சல்கள்); எழுத்தின் விளிம்பு சற்றுக் கரடுமுரடாகத் தெரியும். என்னுடையது 2560×1440, அதாவது சுமார் 170 படப்புள்ளிகள். நாள் முழுவதும் எழுத்தைப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு 165 ஹெர்ட்ஸ் புதுப்பிப்பு வேகத்தைவிட, அதாவது திரை நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிப்பதைவிட, முக்கியம். அந்த 165-ஐ விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்; பேட்டரியில் ஓடும்போது நான் அதை 60-க்குக் குறைத்துவிடுகிறேன்.

வேகத்துக்கு வருவோம். மடிக்கணினிகளின் கிராபிக்ஸ் சிப் பெயர்கள் அப்பட்டமாகக் குழப்புபவை. மேசைக் கணினிக்கான என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 சிப் என்றால் 24 ஜிபி நினைவகம், 450 வாட். அதே பெயரில் மடிக்கணினிக்கு வருவதில் 16 ஜிபிதான். மின்சாரமும் அதில் பாதிகூட இல்லை. உள்ளே இருக்கும் சில்லு மேசைக் கணினியின் 4080-இல் இருப்பது. மடிக்கணினிகளுக்குள்ளேயே ஒப்பிட்டாலும், 4070 என்ற ஒரே பெயர் 35 வாட் முதல் 115 வாட் வரை எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆகவே பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். எத்தனை வாட் என்று விவரப் பட்டியலில் தேடுங்கள். அது எழுதப்படவில்லை என்றால், பெரும்பாலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எண்ணாக இருக்காது.

இத்தனை பலமும் வேலைக்கு வருகிறதா? நிறத்திருத்தம், இரைச்சல் நீக்கம், முப்பரிமாணக் காட்சி உருவாக்கம் ஆகியவற்றில் வருகிறது. அப்போது இந்த இயந்திரம் அபாரமானது. ஆனால் என் நாளில் அவை சிறு பகுதிதான். வேடிக்கை என்னவென்றால், இன்றைய கேமராக்கள் பல பதிவுசெய்யும் 10-பிட் 4:2:2 எச்இவிசி கோப்புகளை (நிற விவரம் கூடுதலாக உள்ள, சுருக்கிய காணொளி வடிவம்) விரித்துக் காட்டும் வசதி, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை அந்தச் சிப்புகளில் இல்லை. இன்டெல் பிராசஸருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதி 11-ஆம் தலைமுறையிலிருந்தே அதைச் செய்கிறது. பெரிய சிப் சும்மா உட்கார்ந்திருக்க, அதன் பக்கத்து வீட்டுக்காரர் வேலையை முடித்துவிடுகிறார்.

அந்தப் பலம் சும்மா இருக்கும்போதும் சத்தம் சும்மா இருப்பதில்லை. இரண்டு உலாவிப் பக்கங்களைத் திறந்தாலே பிராசஸர் உச்ச வேகத்துக்குத் தாவும். விசிறிகள் பின்னாலேயே கிளம்பும். நான் கண்ட எளிய மருந்து, விண்டோஸ் மின்சக்தி அமைப்புகளில் பிராசஸரின் உச்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99-ஆக்குவது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அதனால் டர்போ வேகம், அதாவது பிராசஸர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டித் தாவுவது, அப்படியே நின்றுவிடும். எழுதும்போதும் படிக்கும்போதும் துளி வித்தியாசமும் தெரியாது, அறை அமைதியாகிவிடும். சில கணினிகளில் இந்த அமைப்பு மறைந்திருக்கும். தேடி எடுப்பது வீண்போகாது. காற்றை அடிப்பக்கமாக உறிஞ்சும் வடிவமைப்பு என்பதால் பின்புறத்தைச் சற்று உயர்த்தி வைத்தாலே சூடு இறங்குகிறது. தூசியை ஊதி எடுக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தறிகெட்டுச் சுழலவிட்டால் அதன் தாங்கி கெடும். சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்த பிறகு அதை மாற்றியது, புதிதாக ஏதோ வாங்கியதற்கு ஒப்பான மாற்றத்தைத் தந்தது.

பேட்டரியில் இந்த வகைக் கணினிகள் ஜெயிக்கவே முடியாது. முன் அனுமதி இல்லாமல் விமானத்தில் கொண்டுபோகக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 100 வாட்-மணி. அதனால்தான் எவ்வளவு பெரிய மடிக்கணினியிலும் 99 அல்லது 99.9 என்று நிறுத்திக்கொள்கிறார்கள். திரையும் சிப்பும் பெருக்கலாம், பேட்டரி பெருகாது. 150 வாட் இழுக்கும் வேலையை அதில் ஓட்டினால் கணக்குப்படி 40 நிமிடம். நடைமுறையில் அதுகூட நடக்காது. மின்சாரம் போதாமல் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆக, பலம் வேண்டுமென்றால் சார்ஜர் கூடவே வர வேண்டும். 280 வாட், 330 வாட் சார்ஜர் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோ. எழுத்து வேலைக்கு மட்டும் போகிற நாட்களில் 100 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரை எடுத்துப் போகிறேன், அது போதுகிறது. கனமான வேலை கொடுத்தால் மட்டும், செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

எப்போதும் செருகியே வைத்திருப்பவர்கள் சார்ஜ் அளவை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை முதல் நாளே போட்டுவிட வேண்டும். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி வேகமாக முதுமையடையும். இன்னொன்று: மூடிப் பைக்குள் வைக்கும் முன் 'ஸ்லீப்' வேண்டாம், 'ஹைபர்னேட்' செய்யுங்கள்; திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுக் கணினி முழுதாக அணைந்துவிடும். இன்றைய விண்டோஸ் கணினிகள் தூக்கத்தில் அரைவிழிப்பில் இருப்பவை. பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு வெந்துபோகும்.

சிறு எரிச்சல்களும் உண்டு. வலப்பக்க எண் விசைகளால் டச்பேடும் கைகளும் இடப்பக்கம் தள்ளப்படுகின்றன. திரையின் நடுவும் உடலின் நடுவும் ஒன்றாக இருப்பதில்லை. மூடி அகலமானது, ஆகவே மூலையைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறந்தால் கீல் பிழைக்கும்.

யாரும் பெரிதாகப் பேசாத ஒரு நன்மை உண்டு. உடல் பெரிதென்றால் உள்ளே இடம் இருக்கிறது. மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; வாங்கிய நாளின் அளவுதான் கடைசி நாள் வரை. இதில் ரேமுக்கு இரண்டு செருகுமிடம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இரண்டு. ஒரு திருப்புளி போதும். ரேமை இரட்டிப்பாக்கி, இன்னொரு எஸ்எஸ்டியையும் சேர்த்த பிறகு இந்தக் கணினியின் ஆயுள் கூடியது. வேகத்துக்குக் கொடுத்த பணத்தைவிட இந்த இடத்துக்குக் கொடுத்த பணமே எனக்கு லாபம்.

ஒரே மேசையில் வேலை செய்பவர் இதை வாங்கத் தேவையில்லை; மேசைக் கணினி குறைந்த செலவில், குறைந்த சத்தத்தில் கூடுதல் வேலை செய்யும். நாள்தோறும் இடம் மாறுபவர் சிறிய கணினியும் வீட்டில் ஒரு தனித் திரையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நிலையான இடங்களுக்கிடையே வேலை மொத்தத்தையும் நகர்த்துபவருக்கு மட்டுமே இது சரியாகப் பொருந்தும். நான் அந்த ரகம்.

இருந்தும் அடுத்தது 17.3 ஆக இருக்காது. 16:10 விகிதத்தில் வரும் 16 அங்குலத் திரையின் உயரம் சுமார் 21.5 செ.மீ.; 16:9 விகிதத்தில் உள்ள என் 17.3 அங்குலத் திரையின் உயரமும் அதேதான். குறைவது அகலத்தில் நான்கு செ.மீ. பக்க வடிவமைப்புக்கு உயரம்தான் முக்கியம், காலவரிசை கொஞ்சம் சுருங்கினால் சமாளித்துக்கொள்ளலாம். கிராபிக்ஸ் சிப்பில் ஒரு படி கீழே இறங்கி, மிச்சமாகும் பணத்தை நல்ல திரைக்கும் ரேமுக்கும் போடுவதாக இருக்கிறேன்.