பி.எட். கல்விக்கடன்: கையெழுத்துப் போடுவதற்கு முன் கட்டண எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்குங்கள்

இந்த வருடம் பி.எட். சேர விசாரித்துக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாகக் கடன் வாங்கிச் சேரப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு 2021 கடைசியில் ஒரு தனியார் கல்வியியல் கல்லூரியில் சேர்ந்தேன். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. அவர்கள் ஏமாற்றிய விதத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதே மாதிரி வேறு இடங்களிலும் நடப்பதாக என்னோடு படித்தவர்கள் சொல்கிறார்கள்.

அட்மிஷனுக்கு ஆள் சேர்ப்பவர் வீட்டுக்கே வந்தார். "வருஷத்துக்கு 45,000 தான் சார், நீங்க கையிலேர்ந்து ஒரு ரூபா எடுக்க வேண்டாம், பேங்க் லோன் நாங்களே போட்டுத் தர்றோம், வட்டிய கவர்மென்ட் கட்டிடும், பாப்பா வேலைக்குப் போனதும் அசல அடைச்சா போதும்" என்று அப்பாவிடம் சொன்னார். அரசுப் பள்ளி பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400 ரூபாய் என்றும் சொன்னார். அது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் மற்றதையெல்லாம் நம்ப வைக்கிறார்கள்.

முதலில் கடன். வங்கிக்குப் போக வேண்டிய கட்டண எஸ்டிமேட்டை எங்கள் கையில் கொடுக்கவே இல்லை, கல்லூரி ஆளே கிளைக்குக் கொண்டுபோனார். எங்களுக்கு வந்த சாங்ஷன் கடிதத்தில் மொத்தத் தொகை மட்டும் இருந்தது, வருடத்துக்கு 95,000, இரண்டு வருடத்துக்கு 1,90,000. 45,000 என்றுதானே சொன்னீர்கள் என்று அப்போதே கேட்டோம். "பேங்க் எப்பவும் கூட்டித்தான் போடும், மிச்சம் உங்க அக்கவுன்ட்டுக்குத் திரும்பிடும்" என்று பதில் வந்தது. ஒரு பைசா திரும்பவில்லை. படிப்பு முடிந்தபிறகு வங்கியில் எழுதிக் கொடுத்து அந்த எஸ்டிமேட்டின் நகலை வாங்கினேன். கல்விக் கட்டணம் 45,000, விடுதியும் உணவும் 35,000, புத்தகம், ரெக்கார்டு முதலியவை 15,000 என்று இருந்தது. நான் தினமும் பஸ்ஸில் போய் வந்தவள். அந்தக் கல்லூரி விடுதியில் ஒரு வேளை சாப்பிட்டதுகூட இல்லை. புத்தகத்துக்கும் ரெக்கார்டுக்கும் வங்கியிலிருந்து பணத்தை வாங்கிக்கொண்டு, என்னிடம் தனியாக ரொக்கமும் வாங்கினார்கள், ரசீது கிடையாது. செய்முறைத் தேர்வு சமயத்தில் வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு என்று தலைக்கு இவ்வளவு என வசூல் வேறு. கொடுக்காவிட்டால் மதிப்பெண் குறையும் என்று வகுப்பிலேயே சொன்னார்கள்.

வட்டி விஷயம் இதைவிட மோசம். கல்விக்கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் என்பது உண்மையிலேயே இருக்கும் திட்டம்தான், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டுக்கும் வட்டியை அரசு ஏற்கும். ஆனால் 2018-க்குப் பிறகு, தேசியத் தர மதிப்பீட்டு அங்கீகாரம், அதாவது நாக், இருக்கும் கல்லூரிக்குத்தான் அது பொருந்தும், படிப்புக்கு தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் இருப்பவை போன்ற சிலவும் அதில் சேரும். எங்கள் கல்லூரி வாசலில் நாக் தரம் எழுதிய போர்டு பெரிதாகத் தொங்கியது, அந்த அங்கீகாரம் எப்போதோ காலாவதியாகியிருந்தது. அதனால் எனக்கு மானியம் வரவில்லை. 10.5 சதவீத வட்டியில், தவணை தொடங்குவதற்கு முன்பே ஏறக்குறைய 50,000 வட்டி சேர்ந்துவிட்டது. 1,90,000 என்று போட்ட கடன் 2,40,000 ஆகி நின்றது. ஐந்து வருடத் தவணை மாதம் சுமார் 5,160.

இப்போது சம்பளம். படிப்பு முடிந்ததும் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுக்கச் சேர்ந்தேன், மாதம் 11,000. முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை. ஆக வருடத்துக்கு 1,21,000 வருமானம், அதில் கடனுக்கே 61,900 போகிறது. சரி, அரசு வேலை வரும் வரை சமாளிக்கலாம் என்று பார்த்தால், அது எப்போது வரும்? இதைத்தான் எவரும் விளக்கிச் சொல்வதில்லை. 2022-ல் அறிவித்த டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில், பட்டதாரி ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில் நடந்தது. அடுத்த டெட் 2025 நவம்பரில்தான். நடுவில், 2,222 பட்டதாரி ஆசிரியர் இடங்களுக்கு என்று அறிவித்த ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது, அதை எழுத டெட் தேர்ச்சி வேண்டும், நான் டெட் எழுதவே வாய்ப்பு வந்திருக்கவில்லை. என் கடன் தவணை 2024 கடைசியிலேயே தொடங்கிவிட்டது. 2018-ல் வந்த அரசாணை 149-இன்படி டெட் பாஸ் செய்தால் மட்டும் போதாது, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் உண்டு. தேர்வு எப்போது என்று வாரியம் முடிவு செய்யும், தவணை எப்போது என்பதை வங்கி முதல் நாளே முடிவு செய்துவிடுகிறது. படிப்பும் அதன்பின் ஓர் ஆண்டும் முடிந்தால் கட்டித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) கெடும்.

"ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லா வகுப்புக்கும் போகலாம்" என்று இன்றைக்கும் உங்களிடம் சொல்கிறார்கள் என்றால் அது பொய். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க பி.எட். தகுதியாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு டி.எல்.எட். எனும் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம் படித்தவர்கள்தான். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கிடைக்கும் தற்காலிகப் பணியும் பட்டதாரி ஆசிரியருக்கு 2022-ல் மாதம் 10,000 தான், பிறகு 15,000 ஆக்கினார்கள். கணக்குப் போடும்போது 36,400-ஐ வைக்காதீர்கள், இந்தத் தொகையை வையுங்கள். உங்கள் ஊர் தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடமோ அண்ணனிடமோ கையில் எவ்வளவு வருகிறது என்று நேரடியாகக் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள்.

எனக்கு மிகவும் கோபம் வந்தது சான்றிதழ் விஷயத்தில். 18,000 பாக்கி இருக்கிறது, கட்டினால்தான் டி.சி.யும் பட்டப்படிப்பு ஒரிஜினலும் தருவோம் என்றார்கள். என்ன பாக்கி என்று கேட்டால் எழுத்தில் தர மாட்டார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு போட்டேன், திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமும் கொடுத்தேன். அதற்குப் பிறகு கல்லூரியிலிருந்தே போன் வந்தது, "ஏம்மா, இதுக்கெல்லாமா கலெக்டர்கிட்ட போவாங்க" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார்கள். 18,000 பற்றிப் பேச்சே இல்லை. விடுதிப் பணத்துக்கான புகார் மட்டும் நகரவில்லை.

கல்லூரிக்கே வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று ஆள் பிடிப்பவர்களிடமும் கவனமாக இருங்கள். பாடவகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) விதி. பள்ளிப் பயிற்சி மட்டும் 20 வாரம். அந்த வாரங்கள் இல்லாமல் வகுப்பறையில் போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நான் இந்தப் படிப்பில் உருப்படியாகக் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

பி.எட். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கணக்கு சொல்லிக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, கோவை, வேலூர் என்று 7 அரசுக் கல்லூரிகளும், அதோடு அரசு உதவி பெறும் கல்லூரிகளும் இருக்கின்றன, கலந்தாய்வு வழியாகச் சேரலாம். அங்கே இடம் கிடைத்தால் இவ்வளவு பெரிய கடனே தேவைப்படாது. இடம் கிடைக்காமல் சுயநிதிக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்றால், கட்டண நிர்ணயக் குழு அந்தக் கல்லூரிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேளுங்கள், நாக் சான்றிதழில் காலாவதித் தேதியைப் பாருங்கள், எஸ்டிமேட் உங்கள் கை வழியாகத்தான் வங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் தவணை தவறும் முன் வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்த 15 வருடம் வரை கொடுக்க வழி இருக்கிறது. எனக்கு 10 வருடமாக மாற்றிக் கொடுத்தார்கள், தவணை 3,240 ஆகக் குறைந்தது. மொத்தமாகக் கட்டப் போவது 3,88,000-க்கு மேல் வருகிறது, அதனால் கையில் கூடுதலாகப் பணம் வரும்போதெல்லாம் அசலில் வரவு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.