நாயின் காலுக்கு பூட்ஸா, மெழுகா, வெறுங்காலா?

நாயோடு மலையில் நடக்கப் போனால், நடுக்குளிர்காலப் பனியைவிட வசந்தகாலத்தில் மிச்சம் கிடக்கும் பனிதான் அதன் காலுக்கு அதிக வில்லங்கம். பகலில் உருகி இரவில் மறுபடி உறைவதால், காலையில் மேலே கெட்டியான பொருக்கு. அது உடைந்தால் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி அறுக்கும். மதியத்துக்குள் அதே இடம் சொதசொதவென்று ஆகி, நாய் வயிறுவரை புதையும். நடுநடுவே பனி விலகிய இடங்களில் கல்லும் சேறும். ஒரே நாளில் மூன்று தரை.

வெறுங்கால் என்றதும் "ஐயோ, குளிருமே" என்பார்கள். நாயின் பாதத்தில் தமனியும் சிரையும் ஒட்டி ஓடுகின்றன. கீழே இறங்கும் சூடான இரத்தம், பனியைத் தொட்டுக் குளிர்ந்து திரும்பும் இரத்தத்தைச் சூடாக்கி அனுப்புகிறது. அதனால் ஓடியாடும் ஆரோக்கியமான நாய்க்குப் பாதம் லேசில் விறைக்காது. நகமும் நன்றாகப் பிடிக்கும். சிக்கல் வெட்டுக்காயமும் பனி உருண்டையும்தான்.

உருண்டை என்றால், விரல் இடுக்கு முடியில் ஈரப்பனி ஒட்டி இறுகி கோலிக்குண்டு மாதிரி ஆகிவிடும். எங்கள் நாய் திடீரென்று உட்கார்ந்து முன்காலைக் கடிக்க ஆரம்பித்தால் அதுதான் காரணம். பிடுங்கினால் முடியும் சேர்ந்து வரும், கத்துவான். உள்ளங்கையில் பாதத்தைப் பொத்தி வைத்து, உருகும்வரை காத்திருக்க வேண்டும். என் விரல்தான் மரத்துப்போகும்.

இதற்கு, நாயின் பாதத்தில் பூசும் மெழுகு நல்ல மருந்து. ஆனால் முதலில் கத்தரி: பாதத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முடியை அடிமெத்தையின் மட்டத்துக்கு வெட்டிவிட்டு, இடுக்கிலும் படுமாறு மெல்லியதாகப் பூசினால் பாதித் தொல்லை தீர்ந்தது. கல்லில் நடந்தால் தேய்ந்துவிடும், மறுபடி பூசணும். பொருக்கு அறுப்பதை மெழுகு தடுக்காது.

அறுப்பதைத் தடுக்க பூட்ஸ்தான். அலாஸ்காவின் இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் 8 துணிக் காலுறை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இதைக் காட்டி பூட்ஸ் விற்பவர்கள் உண்டு. அந்த நாய்கள் பெரும்பாலும் வண்டித்தடத்தில் ஓடுபவை. நம் நாய் பாறையில் தாவி, சேற்றில் இறங்கி, பனிக்குழியில் காலை விட்டு இழுக்கிறது. ஈரம் உள்ளே புகுந்தால் தோல் ஊறி உராயும், முக்கியமாக உள்பக்கம் உயரத்தில் இருக்கும் ஒற்றை விரல் பக்கம். முன்பாதம் பொதுவாகப் பின்பாதத்தைவிடப் பெரியது. நான்குக்கும் ஒரே அளவு வாங்கினால் பின்னங்காலில் நிற்காது. முதல் தடவை மாட்டினால் தணலில் நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். அதை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள்.

பெரிய முரண் ஒன்று இருக்கிறது. பொருக்கு அறுக்கும் காலை வேளையில்தான் சரிவும் வழுக்கும். பூட்ஸ் போட்டால் நகம் மூடிவிடும், கழற்றினால் பாதம் கிழியும். சமதளத்தில் பூட்ஸே ஜெயிக்கும். சரிவு செங்குத்தாகவும் கெட்டியாகவும் இருந்தால் இரண்டும் தோல்வி. இளகும்வரை காத்திருப்பேன், இல்லையென்றால் திரும்பிவிடுவேன். இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதெல்லாம் வேண்டாம், நாய் சறுக்கினால் நீங்களும் கூடவே போவீர்கள். உங்கள் பூட்ஸில் இரும்பு முள் மாட்டியிருந்தால் நாயைக் காலுக்கு அருகில் விடாதீர்கள். பொருக்கைவிட அது மோசம்.

என் வழக்கம்: முடி வெட்டு, மெழுகு, வெறுங்காலில் கிளம்பல். பூட்ஸ் பையில் இருக்கும். காலைத் தூக்கினாலோ பனியில் இளஞ்சிவப்பாகத் தடம் தெரிந்தாலோ வெளியே எடுப்பேன். கூடுதலாக இரண்டு எப்போதும் வைத்திருப்பேன்; போன தடவை ஒரு பனிக்குழி இடது பின்கால் பூட்ஸை விழுங்கிவிட்டது, முழங்கைவரை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை.