பனங்காட்டில் ஹாப்ஸ், லாக், ரூசோ: சட்டத்துக்கு முந்தைய மனிதன் யார்?

போலீஸ், கோர்ட், பட்டா எதுவும் இல்லாத காலத்தில் மனிதன் எப்படி வாழ்ந்திருப்பான்? தத்துவக்காரர்கள் அதை 'இயற்கை நிலை' என்பார்கள். அதற்கு மூன்று பிரபலமான பதில்கள் உண்டு. தனித்தனியாகப் படித்தால் மூன்றுமே சரி என்று தோன்றும். அதனால் பதில் சொன்ன ஐரோப்பியத் தத்துவக்காரர்கள் ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். இடம், உடன்குடி பக்கத்துத் தேரிக்காடு, பனை நிற்கும் செம்மணல் காடு. பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டுப் பனையேறி வீட்டுக்குப் போய்விட்டார். இரவெல்லாம் பதநீர் சொட்டுகிறது. காவலுக்கு ஆள் இல்லை. என்ன நடக்கும்?

கலயம் காணாமல் போகும் என்பார் தாமஸ் ஹாப்ஸ். எடுப்பவன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. நான் எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுத்துவிடுவான் என்ற பயமே போதும். எப்பேர்ப்பட்ட பலசாலியும் தூங்கித்தானே ஆக வேண்டும்? தூங்குகிறவனை நோஞ்சானும் கொன்றுவிடலாம். பலன் கைக்கு வராது என்று தெரிந்தால் நாளைக்கு மரம் ஏற யார் வருவார்? ஆகவே எல்லோரும் ஒரே அதிகாரத்துக்கு அடங்கிவிடுவதே மேல் என்று 1651-ல் எழுதினார். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்த நேரம் அது.

ஜான் லாக் 1689-ல் சொன்னது வேறு. உழைத்தவனுக்கே பொருள் சொந்தம். அதை அரசு வந்து சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலரும் அடுத்தவர் கலயத்தைத் தொடமாட்டார்கள். தொட்டவனைப் பிடித்த பிறகுதான் சிக்கல். பறிகொடுத்தவரே வாதி, அவரே நீதிபதி. ஒரு கலயம் பதநீருக்குக் கையை வெட்டுவார். வெட்டுப்பட்டவனின் அண்ணன் தம்பிமார் அரிவாளோடு வருவார்கள். ஆகவே இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் வேண்டும். நம் பக்கத்து வாய்க்கால் தகராறும் வரப்புத் தகராறும் எப்படி வளர்கின்றன என்று பார்த்தவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள். எனக்கும் ஹாப்ஸைவிட இவர் சொல்வதே பொருந்துகிறது.

காவல் முறையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நெல்லைச் சீமையில் பாளையக்காரர்கள் ஊர்களிடம் காவல் வரி வாங்கினார்கள். களவு போனால் மீட்டுத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடு தரவேண்டும் என்பது ஏற்பாடு. ஹாப்ஸ் இதோடு திருப்தியடைந்துவிடுவார். காவல்காரனே பறித்தால் யாரிடம் போவது என்று லாக் கேட்பார். மரநாய்க்கும் நரிக்கும் பயந்து சிங்கத்திடம் போய் நிற்பதா என்பது அவருடைய கிண்டல். (மரநாய் கலயத்தைக் காலி செய்யும் என்பது பனங்காட்டுக்காரர்களுக்குத் தெரியும்!) கும்பினியாரும் (கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள்) பாளையக்காரர்கள் மீது இதே குற்றத்தைத்தான் சுமத்தினார்கள். ஆனால் 1801-க்குப் பிறகு கோட்டைகளை இடித்து, ஆயுதங்களையும் பறித்துக்கொண்டு, வரியைத் தாங்களே வாங்கினார்கள்.

சரி, லாக்குக்கே மாலை போட்டுவிடலாமா? முடியாது. 'என் வேலையாள் வெட்டிய புல்லும் என்னுடையது' என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். காலையும் மாலையும் நெஞ்சு காய்த்துப்போக ஏறி இறங்குகிறவர் ஒருவர், மரத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். பாட்டம், அதாவது மரத்துக்கான குத்தகை, போக மிச்சம்தான் ஏறியவருக்கு. இதில் யாருடைய உழைப்பு யாருக்குப் பொருளாகிறது? லாக்கிடம் நேரான பதில் இல்லை.

மரம் எப்போது ஒருவருக்குச் சொந்தமானது என்று அதற்கும் முன்னால் போய்க் கேட்டவர் ரூசோ. 1755-ல் எழுதினார். ஆதி மனிதன் தனியாகத் திரிந்தான், கிடைத்ததைக் குடித்தான், அடுத்தவன் வலியைக் கண்டால் இரங்கினான். முதல் வேலியோடு வினை தொடங்கியது. இரும்பும் தானியமும் மனிதனை நாகரிகமாக்கி மனித குலத்தைக் கெடுத்தன என்கிறார். தாமிரபரணிக் கரையில் இரண்டும் கிடைத்திருக்கின்றன. ஆதிச்சநல்லூர் அகழ்வில் இரும்பு வாளோடு தங்க நெற்றிப்பட்டமும் வந்தது. சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று ஆய்வு முடிவு வந்தது. எல்லார் நெற்றியிலும் தங்கம் இருந்திருக்காது. அதுவரை ரூசோ சொல்வது சரி. ஆனால் அந்தத் தனி மனிதன்? தாழியில் நெல்லை வைத்துப் புதைக்கவே உறவுக்காரர் நாலு பேர் வேண்டும். தான் சொல்வது நடந்த வரலாறு அல்ல என்று அவரும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பாபநாசம் மலையில் இருக்கும் காணிக்காரர் என்ற பழங்குடியினரைக் காட்டி, இதோ இயற்கை நிலை என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் காணிக்காரர்களுக்கு மூட்டுக்காணி என்ற தலைவர் உண்டு, முறைகள் உண்டு. அமெரிக்கப் பழங்குடிகளைக் காட்டி ஹாப்ஸும் லாக்கும் இதையேதான் செய்தார்கள். உழாத நிலம் வீண் நிலம் என்றார் லாக். அப்படிச் சொல்லிவிட்டால் வேலி போட வருகிறவனுக்கு வேலை சுலபம். அவர் அமெரிக்காவில் இருந்த கரோலினா காலனியின் உரிமையாளர்களுக்குச் செயலராக இருந்தவர்.